அத்தியாயம் 7: கருவடிக்குப்பத்துக் கிணறுகளைத் திரையில் ஏற்றுவதும் படிப்பதும்

கேள்வியை முதலில் எழுதுங்கள்

கணினியைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில் ஒரே ஒரு கேள்வியை எழுதி மேசைமேல் வையுங்கள். "நம் தெருவில் வரப்போகும் அடுக்குமாடிக்கு இன்னொரு ஆழ்துளைக் கிணறு போட விடலாமா?" என்பது ஒரு கேள்வி. "மழைநீர்க் குழிகளுக்கு ஒதுக்கிய பணத்தை லாஸ்பேட்டை மேட்டுப் பக்கம் செலவழிப்பதா, கடற்பக்கம் செலவழிப்பதா?" என்பது வேறு கேள்வி. "பொதுப்பணித்துறையின் எந்தக் கிணற்றில் மோட்டார் ஓடும் நேரத்தைக் குறைக்கச் சொல்லி மனு கொடுப்பது?" என்பது மூன்றாவது. ஒரே ஊர், ஒரே கிணறுகள்தான். ஆனாலும் மூன்றுக்கும் மூன்று வேறு வரைபடங்கள் வேண்டும். கேள்வி இல்லாமல் போட்ட வரைபடத்தை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நீலத்திலிருந்து சிவப்புவரை அழகாக வண்ணம் பூசியிருக்கும், கண்காட்சியில் மாட்டியிருக்கும், அதன் பேரில் ஒருவரும் ஒரு மோட்டாரையும் நிறுத்தியிருக்க மாட்டார்கள்.

கேள்விக்குக் கீழே, முடிவெடுக்கும் அதிகாரம் யாருக்கு என்பதையும் எழுதுங்கள். புதுக் கிணற்றுக்கு அனுமதி தருவதும் மறுப்பதும் 2002ஆம் ஆண்டின் புதுச்சேரி நிலத்தடி நீர்க் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த நிலத்தடி நீர் ஆணையம். குடிநீர்க் கிணறுகளை இயக்குவது பொதுப்பணித்துறை. வீட்டு மழைநீர்க் குழிக்கு வீட்டுக்காரர் மனது வைத்தால் போதும். ஆணையத்துக்குக் காட்டும் வரைபடத்தில் ஒவ்வொரு எண்ணுக்கும் தேதியும் அளந்த முறையும் இருக்க வேண்டும். வீட்டுக்காரருக்கு அவர் வீடு எங்கே இருக்கிறது என்பது தெரிந்தாலே போதும்.

காலடியில் என்ன இருக்கிறது

கருவடிக்குப்பத்துக்கு மேற்கே லாஸ்பேட்டையின் செம்மண் மேடு, விமான நிலையம். கிழக்கே முத்தியால்பேட்டை, அதைத் தாண்டினால் கடல். மேட்டிலிருந்து கடலுக்குச் சரிகிற அந்தச் சரிவில்தான் சித்தானந்த சுவாமி கோயிலும், பாரதி புதுச்சேரியில் இருந்த 1908 முதல் 1918 வரையிலான காலத்தில் வந்து உட்கார்ந்த குயில் தோப்பும் இருக்கின்றன. தோப்பும் மேடும் நீரியல்படியும் முக்கியமான இடங்கள். திறந்த மண்ணாக மிச்சமிருக்கும் ஒவ்வொரு துண்டும் மழையை உள்ளே விடும் வாசல்.

மேற்கு மேட்டின் செம்மண்ணுக்கு அடியில் இருப்பது கடலூர் மணற்கல். திருவக்கரையில் கல்லாய்ப்போன மரங்கள் கிடக்கின்றனவே, அதே படிவம். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை வெட்டுவதற்காக ஓயாமல் இறைத்து வெளியேற்றும் ஊற்றுநீரும் இந்தப் படிவக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். இதன் மேல் ஆறும் கடலும் கொண்டுவந்து போட்ட மணலும் களியும் கடலை நெருங்க நெருங்கக் கூடுதலாக இருக்கும். மணற்கல்லுக்குக் கீழே இன்னும் பழைய படிவங்கள் உண்டு. நடுநடுவே களி அடுக்குகள் குறுக்கே படுத்து, மேல் ஊற்றையும் கீழ் ஊற்றையும் பிரிக்கின்றன.

களி மூடிய கீழ் ஊற்றில் அழுத்தம் இருக்கும். 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் துளையிட்டபோது, சில கிணறுகளில் இறைக்காமலே தண்ணீர் தரைக்கு மேல் பொங்கியது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த வில்லியம் கிங், சென்னைக்கும் இப்படித் தண்ணீர் கிடைக்குமா என்று பார்க்க, 1880இல் புதுச்சேரியின் இந்தப் பொங்கு கிணறுகளைப் பற்றி எழுதினார். இன்று அதே ஊரில் சப்மெர்சிபிள் மோட்டார் இல்லாமல் ஒரு சொட்டு மேலே வருவதில்லை. அழுத்தம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதற்கு இதைவிட எளிய சான்று தேட வேண்டியதில்லை.

வரைபடம் போடுபவருக்கு இதிலிருந்து கிடைக்கும் விதி: இரண்டு ஊற்றுகளின் கிணறுகளை ஒரே அடுக்கில் கலக்காதீர்கள். ஒரே தெருவில் எதிரெதிர் வீடுகளில் ஒன்று 40 அடிக் கிணறாகவும் மற்றது 300 அடி போராகவும் இருக்கலாம். இரண்டின் நீர்மட்டத்தையும் ஒரே வரைபடத்தில் போட்டுச் சமமட்டக் கோடு இழுத்தால், தரையில் இல்லாத ஒரு பள்ளத்தையோ மேட்டையோ நீங்களே உண்டாக்கிவிடுவீர்கள்.

ஆகவே கணக்கெடுப்புப் படிவத்தில் மிக முக்கியமான கட்டம், ஃபில்டர் பைப் எந்த ஆழத்தில் இறங்கியிருக்கிறது என்பது. மொத்த ஆழம் அதற்கு அடுத்துத்தான். வீட்டுக்காரருக்குப் பெரும்பாலும் இது தெரியாது, போர் போட்டவருக்குத் தெரியும். இந்தப் பக்கம் பல ஆண்டுகள் ரிக் ஓட்டிய ஒருவரைக் கண்டுபிடித்து ஒரு மாலை அவரோடு உட்காருங்கள். எத்தனை அடியில் செம்மண் முடிந்தது, எங்கே களி வந்தது, எங்கே மணல், எங்கே சேறு வாரியது என்பதெல்லாம் அவர் நினைவில் இருக்கும். புதிதாக யாராவது போர் போட்டால், பத்தடிக்கு ஒரு கைப்பிடி மண்ணைப் பாலித்தீன் பையில் போட்டு ஆழம் எழுதி வைக்கச் சொல்லுங்கள். செலவில்லாத இந்தப் பைகள், விலை கொடுத்து வாங்கும் பல செயற்கைக்கோள் படங்களைவிட இந்த வேலைக்கு மதிப்பு மிக்கவை.

அரசின் வரைபடங்கள் எதுவரை உதவும்

தொடங்குமுன் மூன்று இடங்களைப் பார்த்துவிடுங்கள். இந்திய நீர்வளத் தகவல் தளமான இந்தியா-வ்ரிஸ், கண்காணிப்புக் கிணறுகளை வரைபடத்தில் புள்ளிகளாகக் காட்டும். புள்ளியைத் தொட்டால் ஆண்டுகள் வாரியாக நீர்மட்டம் வரும். இஸ்ரோவின் புவன் தளம் நிலப்பயன்பாடு, பழைய செயற்கைக்கோள் படங்கள், தரை உயரம் ஆகியவற்றைத் தரும். மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் நீர்த்தாங்கி வரைபட அறிக்கைகளில் அடுக்குகளின் குறுக்குவெட்டுப் படங்கள் கிடைக்கும். திரையில் அசையாத காகிதப் படங்கள்தாம், ஆனாலும் பொறுமையாகப் படிக்க வேண்டியவை.

பிறகு அவற்றின் எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள். நிலத்தடி நீர் மதிப்பீட்டில் 2020இல் புதுச்சேரிப் பகுதி முழுவதும் ஒரே அலகு. ஆண்டுக்கு ஊறும் நீரில் எடுக்கும் நீர் 70 சதவீதத்துக்குள் இருந்தால் பாதுகாப்பு, 90ஐத் தாண்டினால் அபாயம், 100ஐத் தாண்டினால் மிகைச் சுரண்டல் என்று தரம் பிரிப்பார்கள். அந்த ஆண்டு புதுச்சேரிக்குக் கிடைத்த பெயர் கடைசி வகை. பாகூர் நெல்வயலுக்கும் கருவடிக்குப்பம் மாடிவீட்டுக்கும் சேர்த்து ஒரே நிறம். அந்த நிறத்தை வைத்துக் கொள்கை பேசலாம், தெரு முடிவெடுக்க முடியாது.

கிரேஸ் செயற்கைக்கோள்களைப் பற்றியும் யாராவது ஒருவர் கூட்டத்தில் எழுந்து சொல்வார். 2002இல் ஏவப்பட்ட அந்த இணை, புவியீர்ப்பின் நுண்ணிய மாற்றத்தை வைத்து வடமேற்கு இந்தியாவின் நீர் இழப்பைக் கண்டுபிடித்தது உண்மை. ஆனால் அதன் பார்வைக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலமான நிலம் வேண்டியிருந்தது. புதுச்சேரிப் பகுதியின் மொத்தப் பரப்பே சுமார் 293 சதுர கிலோமீட்டர். அந்தப் படத்தில் நாம் இல்லை என்று மரியாதையாகச் சொல்லி உட்காரச் செய்யுங்கள்.

அளப்பது

நாற்பது ஐம்பது கிணறுகள் கிடைத்தால் நல்லது, இருபதுக்குக் குறைந்தால் கோடு இழுக்கும் ஆசையை விட்டுவிட்டுப் புள்ளிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பழைய வீடுகளின் புழக்கடையில் இருக்கும் உறைக்கிணறுகளை முதலில் தேடுங்கள். தண்ணீர் எடுக்காமல் குப்பை விழாதபடி மூடி வைத்திருப்பார்கள். மேல் ஊற்றைப் பார்க்க அதைவிட நல்ல சாளரம் இல்லை. வீட்டுக்காரர் மண்ணடித்து மூடிவிடப் போகிறேன் என்றால், கணக்கெடுப்பு முடியும்வரையாவது நிறுத்திவைக்கச் சொல்லிக் கெஞ்சுங்கள்.

ஆழ்துளைக் கிணற்றில் சிக்கல், மூடியில் டேப் நுழைய இடமே இருக்காது. மோட்டார் பழுதுக்கு மேலே எடுக்கும் நாளில் பிளம்பரிடம் சொல்லி, மோட்டார் பைப்போடு சேர்த்து ஒரு முக்கால் இஞ்ச் பிவிசி பைப்பையும் இறக்கிவிடச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் டேப் இறக்கலாம், ஒயரில் சுற்றிக்கொள்ளாது. நுனியில் சாக்பீஸ் தடவிய இரும்பு டேப்பே போதும். எங்கே நனைந்திருக்கிறதோ அங்கே தண்ணீர். பல்பு எரியும் நீர்மட்ட அளவி இருந்தால் வேலை விரைவாக முடியும்.

நேரம் முக்கியம். விடியற்காலையில், மோட்டார் போடுவதற்கு முன் அளக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் கிணற்றில் அளந்தால் கிடைப்பது அந்த மோட்டாரின் பசி. அக்கம்பக்கத்து மோட்டார்கள் ஓடுகின்றனவா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மத்திய வாரியம் ஆண்டுக்கு நான்கு முறை, ஜனவரி, கோடை, ஆகஸ்டு, நவம்பர் என்று அளக்கிறது. நீங்களும் அதே மாதங்களில் அளந்தால் ஒப்பிட வசதி. இவற்றோடு வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் செப்டம்பர் கடைசியில் ஒரு முறையும் அளந்துவிடுங்கள். ஆண்டுக்குச் சுமார் 1,300 மில்லிமீட்டர் பெய்யும் இந்த ஊரில் பெரும்பகுதி அக்டோபரிலிருந்துதான் வருகிறது. அதற்கு முந்தைய மட்டம் தெரியாமல் மழை எவ்வளவு ஏற்றியது என்று சொல்ல முடியாது.

தண்ணீரின் உப்பை அளக்கக் கையடக்க டிடிஎஸ் மீட்டர் போதும். ஆர்.ஓ. இயந்திரம் விற்க வருபவர் கையிலும் அதே கருவிதான் இருக்கும். அவர் காட்டும் எண்ணைப் பார்த்து மிரளாமல் இருக்கத் தரநிலையைத் தெரிந்துகொள்ளுங்கள்: இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம்வரை ஏற்கத்தக்கது, வேறு ஆதாரம் இல்லாத நிலையில் 2,000வரை அனுமதி. உப்பு கூடியிருந்தால் கடல்தான் காரணம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். கழிவுநீரும் உப்பைக் கூட்டும். சந்தேகமான கிணறுகளின் மாதிரியை ஆய்வுக்கூடத்தில் கொடுத்துக் குளோரைடு, நைட்ரேட் இரண்டையும் பாருங்கள். நைட்ரேட் 45 மில்லிகிராமைத் தாண்டியிருந்தால் முதலில் பக்கத்துக் கழிவுநீர்த் தொட்டியைப் பாருங்கள், கடலைப் பிறகு பார்க்கலாம். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம், சுடுகாடு, முன்பு குப்பை கொட்டிய இடங்கள் ஆகியவற்றைப் பெரியவர்களிடம் கேட்டுத் தனி அடுக்காக ஏற்றுங்கள். பின்னால் மழைநீர்க் குழி எங்கே வேண்டாம் என்று சொல்ல அந்த அடுக்குத்தான் துணை.

கடல்மட்டத்திலிருந்து கணக்கிடுங்கள்

இந்த அத்தியாயத்தில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருப்பவர்கள் இதைப் படிக்கலாம்.

கணக்கெடுப்பில் கிடைப்பது, தரையிலிருந்து எத்தனை மீட்டர் கீழே தண்ணீர் என்ற எண். அதை அப்படியே வரைபடத்தில் போட்டால் கருவடிக்குப்பம் போன்ற சரிவான கரையோர ஊரில் படம் தலைகீழாக வரும். கற்பனையாக இரண்டு கிணறுகளை எடுத்துக்கொள்வோம். மேட்டுப்பக்கக் கிணற்றின் தரை, கடல்மட்டத்துக்கு மேல் 32 மீட்டர். தண்ணீர் 30 மீட்டர் ஆழத்தில். முத்தியால்பேட்டைப் பக்கத்துக் கிணற்றின் தரை 5 மீட்டர். தண்ணீர் 6 மீட்டர் ஆழத்தில். ஆழ வரைபடத்தில் முதல் கிணறு சிவப்பு, இரண்டாவது பச்சை. ஆறு மீட்டரில் தண்ணீர் இருக்கிறதே, பிரச்சினை இல்லை என்று எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள். தரை உயரத்திலிருந்து ஆழத்தைக் கழித்துப் பாருங்கள். முதல் கிணற்றில் நீர்மட்டம் கடலுக்கு மேல் 2 மீட்டர். இரண்டாவதில் கடலுக்குக் கீழே 1 மீட்டர். உப்பு உள்ளே வர வழி திறந்திருப்பது பச்சைக் கிணற்றில்தான்.

இதற்குப் பின்னால் உள்ள கணக்கு நூறாண்டுக்கு மேல் பழையது. நெதர்லாந்தின் படைப் பொறியாளர் பாடோன் கைபனும் ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்ஸ்பெர்கும் தனித்தனியே கண்டது: நல்ல தண்ணீர் கடல்நீரைவிட இலேசானது, 1,000க்கு 1,025 என்ற விகிதம். ஆகவே கரையோர மணலில் நல்ல தண்ணீர் கடல்நீர்மேல் மிதந்து நிற்கிறது. நீர்மட்டம் கடலுக்கு மேல் 1 மீட்டர் இருந்தால் அதற்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் தடிமனுக்கு நல்ல தண்ணீர். திருப்பிப் போட்டால்தான் பயம் தெரியும். மேலே 1 மீட்டர் இறங்கினால் கீழிருந்து உப்பு 40 மீட்டர் ஏறலாம். களி மூடிய கீழ் ஊற்றுக்கு இந்தக் கணக்கு இப்படியே பொருந்தாது, உப்பு வந்துசேரவும் காலம் ஆகும். ஆனால் எந்த ஊற்றாக இருந்தாலும் நீர்மட்டம் பருவத்துக்குப் பருவம் கடல்மட்டத்துக்குக் கீழேயே நின்றால் அது எச்சரிக்கைதான்.

மீஞ்சூர்க்காரர்களுக்கு இது பாடநூல் சமாசாரம் இல்லை. சென்னைக்கு வடக்கே ஆரணி, கொற்றலை ஆற்றுப் படுகைகளில் நகரத்துக்கும் ஆலைகளுக்கும் வயலுக்கும் இறைத்ததில், 1969இல் கடலிலிருந்து சுமார் 3 கிலோமீட்டரில் இருந்த உவர்நீர் எல்லை 1987 வாக்கில் சுமார் 9 கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. அங்கே யாருக்கும் ஒரே நாளில் குடிநீர் கரிக்கவில்லை. ஒவ்வொரு ஆண்டும் ஒரு கோடு கொஞ்சம் நகர்ந்தது, அவ்வளவே. ஆண்டுக்கு ஆண்டு அந்தக் கோட்டை ஒரே படத்தில் அடுக்கிப் போட்டபோதுதான் நகர்வது தெரிந்தது. நம் வரைபடத்தில் தேதி அடுக்குகளை வைத்து முன்னும் பின்னும் நகர்த்திப் பார்க்கும் வசதியைக் கட்டாயம் வையுங்கள் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதற்காக.

1 மீட்டருக்கே 40 மீட்டர் என்றால், தரை உயரத்தில் வரும் பிழையை எப்படிப் பொறுப்பது? கைபேசி காட்டும் உயரம் இந்த வேலைக்கு ஆகாது. இலவசமாகக் கிடைக்கும் செயற்கைக்கோள் உயரத் தரவில் 30 மீட்டருக்கு ஒரு கட்டம், பிழை பல மீட்டர்வரை போகலாம், மரத்தையும் மாடியையும் தரை என்று எண்ணிக்கொள்ளும். ஊரின் பொதுவான சரிவைப் பார்க்க அது போதும். கிணற்றுக்குக் கிணறு ஒப்பிட, நிலஅளவைப் பொறியாளரிடம் ஆட்டோ லெவல் கருவியை ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள். பாலிடெக்னிக் மாணவர்களுக்கு இது பாடத்திலேயே இருப்பதால் மகிழ்ச்சியோடு வருவார்கள். உயரம் தெரிந்த ஒரு நிலையான புள்ளியில் தொடங்கிக் கிணறு கிணறாக மட்டம் கடத்திக்கொண்டு போய், தொடங்கிய புள்ளிக்கே திரும்பி வந்து பிழையைச் சரிபாருங்கள். ஒரே தெருவுக்குள் என்றால் கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர் டியூப்பே போதும். ஒவ்வொரு கிணற்றிலும் எங்கிருந்து அளந்தீர்களோ, கேசிங் பைப்பின் விளிம்போ கிணற்றின் கைப்பிடிச் சுவரோ, அங்கே பெயிண்டில் ஒரு அம்புக்குறி போடுங்கள். அடுத்த முறை வேறு ஆள் வந்தாலும் அதே இடத்திலிருந்து அளப்பார்.

திரையில் ஏற்றுவது

இது நீங்கள் நினைப்பதைவிட எளிது, ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். களத்தில் கைபேசியில் நிரப்பக் கோபோ டூல்பாக்ஸ் போன்ற இலவசப் படிவம். வீட்டில் கணினியில் கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருள். அதிலிருந்தே இணையத்தில் தொட்டுப் பார்க்கும் வரைபடத்தை ஏற்றுமதி செய்யலாம். அவ்வளவு வேண்டாம் என்றால் எக்செல் அட்டவணையைக் கூகுள் மை மேப்ஸில் போட்டாலும் புள்ளிகள் வந்துவிடும்.

அகலாங்கும் நெட்டாங்கும் புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கம்வரை வேண்டும், அது தரையில் ஒரு மீட்டர். கருவடிக்குப்பத்தில் அகலாங்கு 11.9 என்றும் நெட்டாங்கு 79.8 என்றும் தொடங்கும். இரண்டையும் இடம் மாற்றிப் போட்டால் கிணறு ஆர்க்டிக் பெருங்கடலின் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்துக்குப் போய்விடும். பனிக்கரடிகளுக்கு மத்தியில் உங்கள் கிணற்றைத் திரையில் பார்த்தால் பதற்றப்பட வேண்டாம், கட்டங்களை மாற்றினால் திரும்பி வந்துவிடும்.

எண்களிடையே தானாக நிறம் நிரப்பும் வசதியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மென்பொருளுக்கு வெற்றிடம் பிடிக்காது. விமான நிலைய வளாகத்துக்குள் உங்களுக்கு ஒரு கிணறும் இருக்காது, ஆனால் சுற்றிலும் உள்ள எண்களை வைத்து அதற்கும் ஒரு நிறத்தைப் பூசிவிடும். பார்ப்பவர் அங்கும் அளந்ததாகவே நம்புவார். கிணறு இல்லாத இடத்தைச் சாம்பல் நிறமாக விடுங்கள். ஊற்றுக்கு ஒரு வரைபடம், தேதிக்கு ஒரு அடுக்கு. நிற எல்லைகளை மென்பொருள் தேர்ந்தெடுக்க விடாமல் நீங்களே பொருளோடு வையுங்கள். நீர்மட்டத்துக்குப் பூஜ்யம், அதாவது கடல்மட்டம், ஒரு எல்லையாக இருந்தே ஆக வேண்டும். உப்புக்கு 500உம் 2,000உம்.

யார் வீட்டுக் கிணற்றில் உப்பு என்பது பொதுவெளியில் போனால் வாடகை குறையும், வீடு விலை போகாது என்று வீட்டுக்காரர்கள் அஞ்சுவார்கள். நியாயமான அச்சம். பொதுமக்கள் பார்க்கும் வரைபடத்தில் தெரு அளவில் காட்டுங்கள், பெயரும் கதவு எண்ணும் வேண்டாம். துல்லியமான புள்ளிகள் குடியிருப்போர் சங்கத்திடமும் அதிகாரியிடமும் மட்டும் இருக்கட்டும். இந்த வாக்குறுதியை அளக்கப் போகும் முன்பே கொடுத்தால் கதவுகள் திறக்கும்.

எல்லைக் கோடு தண்ணீருக்குத் தெரியாது

புதுச்சேரிப் பகுதி தமிழ்நாட்டுக்குள் துண்டு துண்டாகக் கிடப்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் முத்தியால்பேட்டையைத் தாண்டினால் கோட்டக்குப்பம், விழுப்புரம் மாவட்டம். இன்னும் வடக்கே போனால் காலாப்பட்டில் மறுபடி புதுச்சேரி. அரசு வரைபடத்தைப் பதிவிறக்கினால் நம் பக்கம் மட்டும் நிறமிருக்கும், கோட்டக்குப்பம் வெள்ளையாக இருக்கும். ஆனால் மணற்கல் அங்கும் தொடர்கிறது, மோட்டார்களும் அங்கே ஓடுகின்றன. பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2000களில் கழுவேலி, புதுச்சேரிப் பகுதியின் நீர்த்தாங்கிகளை ஆராய்ந்தபோது நீர் போகும் எல்லையைத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

உங்கள் வரைபடத்தின் வடக்கு விளிம்பை எல்லைக் கோட்டில் வெட்டாதீர்கள். கோட்டக்குப்பத்தில் ஐந்தாறு கிணறுகள், இடையஞ்சாவடிப் பக்கம் சில கிணறுகள் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கத்து அதிகாரிக்கு மனு கொடுக்க முடியாமல் போகலாம். ஆனால் நம் பக்கத்தில் மட்டும் இறைப்பைக் குறைத்தால் மட்டம் ஏறுமா என்று கேட்கும்போது பதில் சொல்ல அந்தக் கிணறுகள் வேண்டும்.

குளங்களுக்கும் இதே கவனம் தேவை. 2019இல் புதுச்சேரி மாவட்ட நிர்வாகம் "நீரும் ஊரும்" என்ற பெயரில் குளங்களை மீட்கும் வேலையை எடுத்தபோது, பழைய பதிவுகளில் உள்ள குளத்தைத் தரையில் தேடுவதே முதல் வேலையாக இருந்தது. நீங்களும் நிலஅளவைப் படத்தில் குளம், வாய்க்கால், ஓடை என்று இருப்பவற்றை ஒரு அடுக்காக ஏற்றி, இன்றைய செயற்கைக்கோள் படத்தின்மேல் பாதி ஒளிபுகும்படி வையுங்கள். மேட்டிலிருந்து இறங்கும் செம்மண் ஓடைகள் எங்கே சாலையாகிவிட்டன என்பது உடனே தெரியும். மழைக்காலத்தில் அந்தச் சாலைகளில் தண்ணீர் நிற்பதற்கான காரணமும் கூடவே விளங்கும்.

கூட்டத்துக்குக் கொண்டுபோவது

ஆந்திரத்தின் வறண்ட ஏழு மாவட்டங்களில் ஐ.நா. உணவு வேளாண் நிறுவனத்தின் துணையோடு 2000களில் ஒரு திட்டம் நடந்தது. விவசாயிகளே கிணற்று மட்டத்தையும் மழையையும் அளந்தார்கள். ஊர்ச்சுவரில் எழுதினார்கள், ராபி பருவத்துக்கு முன் உட்கார்ந்து தண்ணீர்க் கணக்குப் போட்டு எந்தப் பயிர் என்று பேசினார்கள். எந்தப் பயிர் வைக்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. எண்ணை எடுத்தவர்களும் முடிவெடுத்தவர்களும் ஒரே ஆட்கள் என்பதால் எண்ணை யாரும் சந்தேகிக்கவில்லை. அமெரிக்காவின் கலிபோர்னியா 2014இல் இதற்கென்று சட்டமே போட்டு, உள்ளூர் அமைப்புகளிடம் நிலத்தடி நீர்த் திட்டத்தைக் கேட்டு, தரவை எல்லோரும் பார்க்கும் வரைபடத் தளத்தையும் வைத்தது. அவர்களிடம் பணமும் நீதிமன்றங்களும் இருக்கின்றன. நமக்கு ஆந்திரச் சுவரே நல்ல முன்மாதிரி. வரைபடம் கைபேசியில் இருந்தாலும், அதன் ஒரு அச்சுப் பிரதியை ரேஷன் கடையிலோ கோயில் மண்டபத்திலோ ஒட்டுங்கள்.

மழைநீர்க் குழி எங்கே என்ற கேள்வியை எடுத்து முடித்துக்காட்டுகிறேன். மேல் ஊற்றின் நீர்மட்ட அடுக்கைத் திறவுங்கள். கடல்மட்டத்துக்குக் கீழே போன கிணறுகள் உங்கள் ஊரின் கிழக்கு ஓரத்தில் கூட்டமாக இருந்தால், முதலில் அங்கேயே குழி வெட்டலாம் என்று தோன்றும். மண் அடுக்கைப் போட்டுப் பாருங்கள். மேட்டில் மணற்கல் தரைக்கு அருகே வந்தால் அங்கே இறங்கும் நீர் சரிவோடு கிழக்கே நகரும், தங்கவும் நிறைய இடம் இருக்கும். கடலோரத்தில் போட்டால் அந்தத் தெருவின் உப்பு சற்றுக் குறையும், மிச்சம் கடலுக்குப் போகும். ஆகவே பெரும்பணம் மேட்டுக்கு, கிழக்குத் தெருக்களுக்கு வீட்டுக் கூரைக் குழிகள் என்று பிரிப்பது சரியாக வரும். பிறகு மாசு அடுக்கு. சுத்திகரிப்பு நிலையத்துக்கும் பழைய குப்பை இடத்துக்கும் கீழ்ச்சரிவில் குழி வேண்டாம் என்று நீக்குங்கள். கடைசியாகக் குள, ஓடை அடுக்கு. எஞ்சிய இடங்களில் தண்ணீர் தானாக வந்து சேரும் இடங்கள் எவை என்று பாருங்கள். பத்துப் பன்னிரண்டு இடங்கள் மிஞ்சும். அவற்றைக் காலால் நடந்து பார்க்கலாம்.

நூறு சதுர மீட்டர் கூரையில் ஆண்டு மழையில் 80 சதவீதத்தைப் பிடித்தாலும் ஒரு இலட்சம் லிட்டருக்கு மேல் வரும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. அந்த ஒரு நாளில் அதே கூரைமேல் விழுந்தது சுமார் 46,000 லிட்டர். அத்தனையையும் எந்தக் குழியும் வாங்காது, பிடிக்க முடிந்ததைத் திட்டமிடுங்கள். கூரைநீரைத் தவிரத் தெருநீரை ஒருபோதும் ஆழ்துளைக் கிணற்றுக்குள் நேராக விடாதீர்கள். வண்டி எண்ணெயையும் சாக்கடையையும் கீழ் ஊற்றுக்கு அனுப்பிவிட்டால் பிறகு திரும்ப எடுக்க முடியாது.

குழி வெட்டிய பிறகும் அளப்பது நிற்கக் கூடாது. குழிக்கு மிக அருகில் இரண்டு கிணறுகளையும் சற்றுத் தள்ளி இரண்டு கிணறுகளையும் நிரந்தரக் கிணறுகளாக வைத்துக்கொள்ளுங்கள். நவம்பரிலும் ஜனவரியிலும் மேமாதத்திலும் அவற்றின் மட்டத்தையும் உப்பையும் ஏற்றுங்கள். அருகில் உள்ளவை ஏறித் தள்ளி உள்ளவை ஏறாவிட்டால் குழி வேலை செய்கிறது. நான்கும் சேர்ந்து ஏறினால் அது மழையின் வேலை. நான்கும் ஏறவில்லை என்றால் குழியின் சல்லியில் சேறு அடைத்திருக்கும், மேல் அடுக்கை எடுத்துக் கழுவிப் போட ஆள் அனுப்புங்கள்.